புரதம் நெய்யும் தறியைக் கட்டுவது யார்?

கட்டுமானத்தில் கோளாறு வந்தால் குழந்தைக்கு ரத்தம் ஊறாது

ஆந்திர மாநிலத்தில் புத்தூரை அடுத்துள்ள நாராயணவனம், பத்மாவதி - சீனிவாசர் திருமணம் நடந்த தலம் என்று புராணம் போற்றும் ஊர். கல்யாண வெங்கடேசுவரர் கோவிலுக்கு வரும் பக்தர்களுக்கு அது திருத்தலம். சுற்று வட்டார மக்களுக்கு அது நெசவாளர் ஊரும்கூட. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் நாராயணவனம், புத்தூர், நகரி பகுதியில் தறியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம்.

சேலையின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர். அதை நெய்த தறியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலர். அந்தத் தறியைச் செய்து, பூட்டி, நிறுத்திக் கொடுத்தவர்களைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆனால் தறி சரியாக அமையாவிட்டால் நூல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. இது எந்த நெசவாளருக்கும் தெரிந்த விஷயம்.

மனித உடலிலும் இதே கதைதான். நம் உடலின் அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதம் நெய்யும் தறிகள் இருக்கின்றன. அவற்றுக்கு 'ரைபோசோம்' என்று பெயர். அந்தத் தறிகள் எப்படி இயங்குகின்றன என்பதை விஞ்ஞானிகள் முதலில் கண்டார்கள். அவற்றைச் செல் எப்படிக் கட்டுகிறது, கட்டும்போது தவறு நேர்ந்தால் என்ன நோய் வரும் என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரிய வந்தது.

கண்ணுக்குத் தெரியாத தறி

ரைபோசோம் மிக மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தை 40 ஆயிரம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு அளவே இருக்கும். ஒரு செல்லுக்குள் பல லட்சம் ரைபோசோம்கள் உண்டு. சில செல்களில் ஒரு கோடி வரைகூட இருக்கும்.

ருமேனியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த ஜார்ஜ் பலாடே, 1955-ஆம் ஆண்டு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் மூலம் இந்தத் துகள்களைக் கண்டு விவரித்தார். 1974-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

சேலையில் பூவும் மயிலும் விழ வேண்டுமானால் ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டையை மாட்டுவார்கள். அட்டையில் உள்ளபடி தறி நெய்யும். செல்லிலும் அப்படித்தான். எந்தப் புரதம் வேண்டுமோ அதற்கான கட்டளை, உட்கருவில் உள்ள டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகலாக வருகிறது. ரைபோசோம் அந்த நகலைப் படித்து, அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதமாக்குகிறது. மனித செல்லில் ஒரு ரைபோசோம் விநாடிக்குச் சுமார் 5 அமினோ அமிலங்களைக் கோத்துவிடும்.

தசை, தோல், முடி, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகள் எல்லாவற்றிலும் உள்ள புரதம் இந்தத் தறியில் நெய்ததுதான்.

சிதம்பரத்தில் பிறந்தவர்

இந்தத் தறியின் ஒவ்வொரு பாகமும் எங்கே இருக்கிறது என்று படம் பிடித்துக் காட்டிய மூவரில் ஒருவர் தமிழர். அவர்தான் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

1952-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் பிறந்தவர். ஆனால் வளர்ந்தது தமிழ்நாட்டில் அல்ல. அவருக்கு மூன்று வயது இருக்கும்போது குடும்பம் குஜராத்தில் உள்ள பரோடாவுக்குப் போனது. தந்தை சி.வி.ராமகிருஷ்ணன், தாய் ராஜலட்சுமி இருவருமே விஞ்ஞானிகள். பரோடாவில் பவுதிகம் படித்துப் பட்டம் பெற்ற வெங்கட்ராமன், அமெரிக்காவிலும் பவுதிகத்தில்தான் டாக்டர் பட்டம் வாங்கினார். அதன் பிறகு உயிரியலில் ஆர்வம் ஏற்பட்டு, மறுபடியும் மாணவராகச் சேர்ந்து பாடம் படித்தார்.

பாக்டீரியாவின் ரைபோசோமில் உள்ள சிறிய பாதியின் அமைப்பை, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்தபடி 2000-ஆம் ஆண்டு அவரது குழு துல்லியமாக வெளியிட்டது. 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கும், அமெரிக்காவின் தாமஸ் ஸ்டைட்ஸ், இஸ்ரேல் நாட்டுப் பெண் விஞ்ஞானி ஆடா யோனாத் ஆகியோருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. 2010-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கியது.

கட்டி முடித்த தறியின் அமைப்பு இப்படித் தெரிந்தது. அதைக் கட்டுவது யார் என்பது அடுத்த கேள்வி.

உட்கருவுக்குள் ஒரு பட்டறை

செல்லின் நடுவே உட்கரு இருக்கிறது. அதற்குள் மைக்ராஸ்கோப்பில் கருமையாகத் தெரியும் ஒரு புள்ளிக்கு 'நியூக்ளியோலஸ்' என்று பெயர். ரைபோசோம் கட்டும் பட்டறை இதுதான்.

மனித ரைபோசோமில் நான்கு ஆர்.என்.ஏ. துண்டுகளும் சுமார் 80 புரதங்களும் உள்ளன. இத்தனையும் ஒரே இடத்தில் தயாராவதில்லை. ஆர்.என்.ஏ. துண்டுகளில் மூன்று, பட்டறைக்குள்ளேயே ஒரே நீளச் சரடாக உருவாகின்றன. பிறகு அந்தச் சரடை உரிய இடத்தில் நறுக்கி மூன்றாக்க வேண்டும். நான்காவது துண்டு பட்டறைக்கு வெளியே தயாராகி உள்ளே வருகிறது.

புரதங்களின் கதை இன்னும் வேடிக்கை. அவற்றை நெய்வதும் ரைபோசோம்தான். உட்கருவுக்கு வெளியே உள்ள பழைய ரைபோசோம்கள் நெய்து கொடுக்கும் பாகங்கள், உட்கருவின் சுவரில் உள்ள துளைகள் வழியாக உள்ளே போய்ச் சேர்கின்றன. பழைய தறி நெய்து தரும் பாகங்களைக் கொண்டே புதிய தறி எழும்புகிறது.

நறுக்கவும், மடக்கவும், பூட்டவும் 200-க்கும் மேற்பட்ட உதவிப் புரதங்கள் வேலை செய்கின்றன. கட்டடம் எழும்பும்போது சாரம் கட்டி, முடிந்ததும் பிரித்துவிடுவது போல, இவை தம் வேலை முடிந்ததும் விலகிக்கொள்ளும். ஆர்.என்.ஏ.யில் சுமார் 200 இடங்களில் சிறு மாற்றங்களும் செய்யப்படுகின்றன.

தறியின் இரண்டு பாதிகளும் தனித்தனியாகவே உட்கருவை விட்டு வெளியே வருகின்றன. இரண்டும் அவசரப்பட்டு முன்னதாகவே சேர்ந்துவிடாதபடி ஒரு பூட்டு போட்டு அனுப்பப்படுகிறது. வெளியே வந்து, சோதனை முடிந்து, பூட்டு அவிழ்ந்த பிறகுதான் நெசவு தொடங்கும்.

இவ்வளவு வேலையும் அசுர வேகத்தில் நடக்கிறது. மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் ஒரே செல்லால் ஆன உயிர். அது வேகமாக வளரும்போது நிமிடத்துக்குச் சுமார் 2 ஆயிரம் ரைபோசோம்களைக் கட்டி முடிக்கிறது. செல்லின் சக்தியில் பெரும்பகுதி இதற்கே செலவாகிறது.

வெளிறிப் போன குழந்தைகள்

புத்தூர் என்றதும் எலும்பு முறிவுக்குப் போடும் கட்டு எல்லோருக்கும் நினைவு வரும். எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுச் சேர்க்கலாம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ரத்தம் ஊறாவிட்டால் என்ன செய்வது?

1938-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர்கள் லூயி டைமண்டும் கென்னத் பிளாக்பேனும் நான்கு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பிறந்து சில மாதங்களிலேயே அந்தக் குழந்தைகள் வெளிறிப் போயின. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருந்தன. சிவப்பு அணுக்கள் மட்டும் ஊறவில்லை. இதே நோய்பற்றி 1936-இலேயே ஒரு டாக்டர் குறிப்பு எழுதியிருந்தார். ஆனாலும் 'டைமண்ட் - பிளாக்பேன் ரத்தசோகை' என்ற பெயரே நிலைத்தது.

காரணம் தெரிய 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1999-இல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தபோது மருத்துவ உலகமே வியந்தது. நோய்க்குக் காரணமான ஜீன், ரத்தத்துக்கே உரிய ஜீன் அல்ல. ரைபோசோமின் சிறிய பாதியில் சேர வேண்டிய ஒரு புரதத்துக்கான ஜீன் அது. அந்த நோய்க்குத் தம் பெயரைக் கொடுத்த டாக்டர் டைமண்ட், அதே 1999-இல் தமது 97-ஆவது வயதில் காலமானார்.

அதன் பிறகு இந்த நோய்க்குக் காரணமான 20-க்கும் மேற்பட்ட ஜீன்கள் தெரியவந்துள்ளன. அநேகமாக எல்லாமே ரைபோசோம் புரதங்களுக்கானவை. ஒவ்வொருவருக்கும் இந்த ஜீன்கள் இரண்டு பிரதிகள் உண்டு. ஒரு பிரதி கெட்டாலும் போதும். பாகம் பாதியாகக் குறைகிறது. கட்டுமானம் நடுவழியில் நின்றுவிடுகிறது.

ஏன் ரத்தத்தில் மட்டும்?

ரைபோசோம் அநேகமாக எல்லா செல்லிலும் உள்ளது. அப்படியிருக்க, மஜ்ஜை மட்டும் பாதிக்கப்படுவானேன்?

முதல் காரணம், வேலைப் பளு. வளர்ந்த மனிதனின் மஜ்ஜை விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பு அணுக்களை உற்பத்தி செய்கிறது. ஒவ்வொரு அணுவிலும் 25 கோடிக்கு மேற்பட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நிரப்ப வேண்டும். தீபாவளி ஆர்டர் குவிந்திருக்கும்போது தறிகள் பாதியாகிவிட்ட நிலைதான் அது. ஹீமோகுளோபினில் இரும்பு கொண்ட 'ஹீம்' ஒரு பாகம். குளோபின் என்ற புரதம் இன்னொரு பாகம். புரதம் தாமதமானால் ஹீம் தனியே தேங்கும். தேங்கிய ஹீம் செல்லுக்கு விஷம்.

இரண்டாவது காரணம், செல்லின் கண்காணிப்பு. பட்டறையில் கட்டுமானம் நின்றுபோனால், சேராமல் மிஞ்சிய சில பாகங்கள் போய் 'பி-53' என்ற புரதத்தை அழிவிலிருந்து காப்பாற்றிவிடுகின்றன. பி-53 செல்லின் காவல்காரன். அது பெருகினால் செல் பிரிவது நிற்கும். செல் மடியவும் கூடும். சிவப்பு அணுவாக மாற வேண்டிய இளம் செல்கள் இப்படித்தான் வழியிலேயே மடிகின்றன.

மூன்றாவது காரணமும் உண்டு. சிவப்பு அணு உருவாகக் கட்டளையிடும் 'காட்டா-1' என்ற புரதத்தை நெய்ய நிறைய ரைபோசோம்கள் தேவைப்படுகின்றன. தறி குறைந்தால் முதலில் குறைவது இதுபோன்ற புரதங்களே என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

டானிக் போதாத ரத்தசோகை

இந்த நோய் அபூர்வமானது. பத்து லட்சம் குழந்தைகள் பிறந்தால் ஐந்து முதல் ஏழு பேருக்கு வரலாம். அபூர்வம் என்பதே இதில் ஆபத்து.

இந்தியாவில் ரத்தசோகை மிகச் சாதாரணம். 2019 - 2021-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரும்புச் சத்துக் குறைவு இதற்கு முக்கியமான காரணம். எனவே குழந்தை வெளிறியிருந்தால் இரும்புச் சத்து டானிக் கொடுப்பது வழக்கம். அது தவறல்ல.

ஆனால் ரைபோசோம் கட்டுமானக் கோளாறால் வந்த ரத்தசோகைக்கு இரும்பு பயன்படாது. அங்கே நூல் தீரவில்லை, தறிதான் குறைவு. மாதக்கணக்கில் டானிக் கொடுத்துக் காத்திருந்தால் காலம்தான் வீணாகும்.

வேறுபாட்டைக் கண்டுகொள்ள முதல் தடயம் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கிடைக்கும். இரும்புச் சத்துக் குறைவில் சிவப்பு அணுக்கள் சிறுத்திருக்கும். டைமண்ட் - பிளாக்பேன் நோயில் அவை பெரும்பாலும் பருத்திருக்கும். புதிதாகப் பிறந்த இளம் சிவப்பு அணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைந்திருக்கும். சில குழந்தைகளுக்குக் கட்டை விரல் அமைப்பு மாறியிருப்பதும், அண்ணம் பிளந்திருப்பதும், உயரம் குறைவதும் உண்டு. ஒரு வயதுக்குள் கடும் ரத்தசோகை கண்டு, டானிக்கால் குணம் தெரியாவிட்டால், ரத்த நோய் நிபுணரிடம் காட்டுவது அவசியம். மஜ்ஜைப் பரிசோதனையும் ஜீன் பரிசோதனையும் நோயை உறுதி செய்யும்.

சித்தூர் மாவட்ட மக்களுக்குப் பக்கத்திலேயே இருப்பது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அங்கே 1986-ஆம் ஆண்டே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞானக் கழகம் உள்ளது.

சிகிச்சை என்ன?

முதல் வழி, ரத்தம் ஏற்றுவது. ஒரு வயதுக்குப் பின் ஸ்டிராய்டு மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு ஆரம்பத்தில் இது பலன் தருகிறது. ஆனால் எல்லோருக்கும் அந்தப் பலன் நீடிப்பதில்லை. ஸ்டிராய்டின் பக்க விளைவுகளையும் கவனிக்க வேண்டும்.

தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் உடலில் இரும்பு சேர்ந்து ஈரலையும் இருதயத்தையும் கெடுக்கும். அதை வெளியேற்றத் தனி மருந்து தேவை. இந்தக் குழந்தைகளுக்கு வீட்டில் யாரும் நல்லெண்ணத்தோடுகூட இரும்பு டானிக் கொடுக்கக்கூடாது.

நிரந்தரமாக ரத்தம் ஊற வைக்கும் வழி மஜ்ஜை மாற்று சிகிச்சை. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் மிகவும் நல்லது. ஆனால் அதற்கு முன் ஒரு எச்சரிக்கை உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு ஜீன் கோளாறு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு உண்டு. சிலரிடம் கோளாறு இருந்தும் நோய் வெளியே தெரியாது. ஆகவே மஜ்ஜை கொடுக்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ அதே கோளாறு இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சில குடும்பங்களில் பெற்றோர் இருவருக்குமே கோளாறு இருக்காது. குழந்தையிடம் அது புதிதாகத் தோன்றியிருக்கும். அந்தக் குடும்பங்களில் தாயையோ, தாய் வழியையோ குறை சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஒரே டாக்டர், இரண்டு நோய்

ரைபோசோம் பூட்டை அவிழ்ப்பதில் கோளாறு வந்தால் வேறு நோய் வரும். கணையம் சரியாக வேலை செய்யாது. வெள்ளை அணுக்கள் குறையும். இதற்கு 'ஷ்வாக்மன் - டைமண்ட் நோய்' என்று பெயர். இந்த டைமண்டும் அதே பாஸ்டன் டாக்டர்தான்! ஆர்.என்.ஏ. சரடு உருவாகும் கட்டத்தில் கோளாறு வந்தால் குழந்தையின் முக எலும்புகள் சரியாக வளராத 'ட்ரீச்சர் காலின்ஸ்' நோய் வருகிறது. ஒரே தறியைக் கட்டும் வேலையில், எந்தப் படியில் தவறு நேர்கிறது என்பதைப் பொறுத்து நோய் மாறுகிறது.

டைமண்டின் கதையில் தென்னிந்தியத் தொடர்பு ஒன்றும் உண்டு. ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். அவரது தலைமையில் இயங்கிய லெடர்லி ஆராய்ச்சிக் கூடம் 'அமினோப்டெரின்' என்ற மருந்தைத் தயாரித்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து, தற்காலிகமாக நோய் தணிந்ததை 1948-இல் பாஸ்டன் டாக்டர் சிட்னி பார்பர் அறிவித்தார். அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் டைமண்டும் ஒருவர்.

அதே ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து 1948-இல் வெளிவந்த மற்றொரு மருந்து ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்து அது. பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு நெசவை நிறுத்துவதே அதன் வேலை. அந்த ஆண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். ரைபோசோம் என்ற ஒன்று இருப்பதே உலகுக்குத் தெரிய மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின!

நோயும் மருந்தும்

ஸ்ட்ரெப்டோமைசின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின் போன்ற மருந்துகளும் பாக்டீரியாவின் ரைபோசோமைத்தான் தாக்குகின்றன. அதன் அமைப்பு மனித ரைபோசோமிலிருந்து மாறுபடுவதால் நோயாளி பிழைக்கிறார்; கிருமி சாகிறது. ஆனால் கிருமிகள் இந்த மருந்துகளுக்குப் பழகி வருகின்றன. ஓடும் தறியை நிறுத்துவதோடு, தறி கட்டுவதையே தடுக்க முடியுமா என்றும் விஞ்ஞானிகள் பார்க்கிறார்கள்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் உமேஷ் வர்ஷ்னியின் குழு இந்தத் துறையில் முக்கியமான உண்மை ஒன்றைக் கண்டது. புரத நெசவைத் தொடங்கி வைக்கும் ஒரு சிறு ஆர்.என்.ஏ., பாக்டீரியா ரைபோசோம் முதிர்ச்சி பெறும் கடைசிப் படியையும் முடித்து வைக்க உதவுகிறது என்று 2016-இல் அந்தக் குழு வெளியிட்டது.

புற்றுநோயிலோ நிலைமை தலைகீழ். அங்கே பட்டறை அளவுக்கு மீறி வேலை செய்கிறது. புற்றுநோய் செல்களில் நியூக்ளியோலஸ் பருத்திருப்பதை டாக்டர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்கள். வேகமாகப் பெருகும் செல்லுக்கு ஏராளமான தறிகள் வேண்டும் என்பதே காரணம். குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆக்சாலிபிளாட்டின் மருந்து, ரைபோசோம் கட்டுமானத்தைக் குலைத்துத்தான் செல்லைக் கொல்கிறது என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது.

டைமண்ட் - பிளாக்பேன் நோய் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் சில புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதும் தெரியவந்துள்ளது. தறி குறைந்த செல்லில் நோய் எப்படிப் பின்னர் தறி பெருகிய நோயாக மாறுகிறது என்பது விஞ்ஞானிகளுக்கு இன்னும் புதிராகவே உள்ளது. ஆகவே ரத்தம் சீரான பிறகும் இவர்கள் ஆண்டுதோறும் டாக்டரைப் பார்த்து வர வேண்டும்.

1938-இல் பெயர் மட்டுமே இருந்த நோய்க்கு, இன்று காரணம் தெரியும், பரிசோதனை உண்டு, சிகிச்சையும் உண்டு. எஞ்சியிருப்பது, வெளிறிய குழந்தையை நேரத்தில் கொண்டுபோய்க் காட்டுவதுதான். டானிக் பாட்டில் இரண்டு தீர்ந்தும் குழந்தையின் கன்னத்தில் ரத்தம் ஏறவில்லை என்றால், மூன்றாவது பாட்டிலை வாங்குவதற்கு முன் ரத்தத்தைப் பரிசோதித்துவிடுவது நல்லது.